மஞ்சளா இருந்தா சிவப்பு மூடி

வெர்னா ஹாஸ்கினுக்குத் தெரியாத கன்று எங்கள் சாலையில் கிடையாது என்று சொல்வார்கள். முதன்முதலில் அப்படிச் சொன்னவள் வெர்னாதான். ஆனால் முப்பத்தொரு வருஷம் ஒருத்தி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தால் ஊரும் அதைச் சொல்லத் தொடங்கிவிடும். அதில் உண்மையும் நிறைய இருந்தது.

நியூசிலாந்தின் தெற்குத் தரனாக்கியில் லேண்ட்ரெத் பண்ணைக்கு அவள் வந்தபோது வயது இருபத்தேழு. இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று இரண்டு பெண் குழந்தைகள். இப்போதைய முதலாளி பிரைஸின் அப்பா அவளைப் பால் கறக்கத்தான் வேலைக்கு எடுத்தார். மூன்றாம் நாள், பெரியவர் ஒரு கன்றை வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதை இவள் பார்த்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் மனிதர் கன்றை விட்டதோடு கன்றுக்கொட்டகையையே அவளிடம் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அது வெர்னாவின் கொட்டகை. முதலாளியே உள்ளே வந்தாலும் வாசலில் முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட்ஸைக் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும். கொட்டகையை ஒட்டிய சின்ன வீடு வேலையோடு சேர்ந்தது. அந்த வீட்டில்தான் இரண்டு பெண்களையும் வளர்த்து ஆளாக்கினாள்.

நான் பக்கத்து ஊர்க் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. டாக்டர்கள் மாட்டுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுக்கொண்டிருக்கும்போது, கன்றுகளின் கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து எண் சொல்கிறவள். பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. என் பெயர் வெர்னாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. "ரத்தக்காரி" என்பாள். எனக்கும் கோபம் வந்ததில்லை. அவள் வைத்த பெயர் என்பதால் மருத்துவமனையிலேயே பாதிப்பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் பிரைஸ் தன்னிடமிருந்த கறுப்பு வெள்ளை பிரீசியன் மாடுகளை எல்லாம் விற்றுவிட்டு ஜெர்சிக்கு மாறினான். ஐந்நூற்று அறுபது ஜெர்சி. சின்ன உடம்பு, கொழுப்பு மிகுந்த பால், மழைக்காலத்தில் மேய்ச்சல் நிலத்தைச் சேறாக மிதிக்காது. அவன் போட்ட கணக்கு சரிதான். வெர்னாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "பிரைஸு, இதுங்க மாடே இல்ல, மான். மான்கிட்டப் பால் கறக்கப் போறியா நீ?" என்று லாரியிலிருந்து மாடுகள் இறங்கும்போதே கேட்டாள்.

அடுத்த வசந்தத்தில் இருபத்துமூன்று கன்றுகள் செத்தன. அதற்கடுத்த வசந்தத்தில் நாற்பத்தொன்று. கழிச்சல், காய்ச்சல், தொப்புள் சீழ், மூட்டு வீக்கம் என்று நோய் மட்டும் மாறி மாறி வந்தது. வெர்னா கொட்டகையைச் சுண்ணாம்படித்தாள், தரையில் பரப்பிய மரச்சீவலை மாற்றினாள், பால் ஊட்டும் ஒவ்வொரு ரப்பர் காம்பையும் கொதிக்க வைத்தாள். எதுவும் எடுபடவில்லை. "ஜெர்சி பூஞ்சை உடம்பு. நான் அப்பவே சொன்னேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பிரைஸ் அதிகம் பேசாதவன். அவனுக்குச் சங்கடமாக இருந்தால் காது மட்டும் சிவக்கும். இரண்டு வருஷமாக அவன் காது சிவந்தே இருந்தது.

போன ஜூனில் அவன் வெர்னாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். அவன் சொன்ன ஏற்பாடு இது: வருகிற வசந்தத்தில் முதல் கன்றுகளுக்கு ரத்தம் பார்ப்பது. பாதிக்கு மேல் தேறினால் எல்லாம் முன்போலவே. தேறாவிட்டால் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து கன்றுகளெல்லாம் லெஸ் புரோசரிடம் போகும். லெஸ் நாலு பண்ணைகளின் கன்றுகளை ஒப்பந்தத்துக்கு வளர்க்கிறவன், சாலையின் மேல்கோடியில் இருப்பவன். அவனிடம் பிரைஸ் பேசி முடித்துக் கைகொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான். எங்கள் பக்கம் கைகொடுத்தால் கொடுத்ததுதான்.

"அப்போ நான்?" என்று கேட்டாளாம் வெர்னா.

"பால் கறக்க வரலாம்."

"என் தோளு பால் கறக்காதுன்னு உனக்குத் தெரியும்."

பிரைஸின் காது சிவந்தது. வெர்னா, "சரி. பாரு. உன் ரத்தக்காரியை வரச்சொல்லு. எல்லாம் தேறும்" என்றாள்.

எங்கள் ஊரில் கன்று போடும் வசந்தம் ஆகஸ்டில் தொடங்கும்; ஒன்பதாம் தேதி காலையில் போனேன். நான் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே வெர்னா சத்தம் போட்டாள்.

"பன்னெண்டும் தேறும்!"

"நான் இன்னும் ஊசியையே எடுக்கல."

"உனக்கு ஊசி வேணும். எனக்குக் கண்ணே போதும்."

கறவைக் கொட்டகையிலிருந்து வைமரி வாளியோடு வந்தாள். முப்பது வயது மாவோரிப் பெண், கறவைக்குப் பொறுப்பு அவள்தான், வெர்னாவோடு வாய் கொடுக்கத் துணிந்த ஒரே ஆள். "ஆன்ட்டி, போன வாரம் உங்க கண்ணுக்கு என் காரே தெரியல. பின்னாடி போய் இடிச்சீங்க."

"அது காரு. கன்னு இல்ல."

நான் செய்கிற சோதனை இதுதான். பிறக்கும்போது கன்றின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்றும் இருக்காது. தாய் வயிற்றுக்குள் இருக்கும்போது அது இறங்குவதில்லை. பிறந்த பிறகு சீம்பாலில்தான் வந்து சேரவேண்டும். அதற்கும் நேரம் உண்டு. கன்றின் குடல் முதல் சில மணி நேரம்தான் அதை முழுசாக ரத்தத்துக்குள் விடும். மணிக்கு மணி வாசல் ஒடுங்கிக்கொண்டே வந்து, ஒரு நாளில் மூடிவிடும். அதற்குப் பிறகு குடிப்பது வயிற்றுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். எனவே ஒரு நாள் தாண்டிய, ஒரு வாரம் தாண்டாத கன்றுகளாகப் பார்த்து ரத்தம் எடுப்பேன். அதை உறையவிட்டு, மேலே நிற்கிற தெளிந்த நீரில் ஒரு துளியை ஒரு சாண் நீளக் குழலின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணை வைத்தால் நீலமும் வெள்ளையும் சேருமிடத்தில் ஒரு கோடு தெரியும். கோடு ஐம்பத்திரண்டில் இருந்தால், அல்லது அதற்கு மேலே இருந்தால், கன்றுக்குப் போதுமான அளவு சேர்ந்துவிட்டது. கீழே இருந்தால் சேரவில்லை.

பன்னிரண்டு கன்றுகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே வெர்னா ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வழங்கினாள். இது குதிரை மாதிரி. இது பிடிவாதக்காரி, பிழைத்துக்கொள்ளும். இது நேற்று என் விரலையே கடித்தது. கடைசியில் மூலையில் படுத்திருந்த ஒன்றைக் காட்டினாள். கண் உள்ளே போய், பின்பக்கம் நனைந்து கிடந்தது.

"அதுக்கும் எடு."

"அது வேண்டாம். கழிச்சல்ல தண்ணி வத்திப்போச்சு. வத்தின ரத்தம் கெட்டியா இருக்கும். குழல்ல நல்ல நம்பராக் காட்டும். பொய் நம்பர்."

"எனக்கு நல்ல நம்பர்தானே வேணும்?"

"பொய்யாவா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. "வேணாம். என் பசங்களுக்குப் பொய் எதுக்கு? நீ கெளம்பு" என்றாள்.

மத்தியானம் மருத்துவமனையில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பத்தேழு. நாற்பத்துநான்கு. ஐம்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. குதிரை மாதிரி என்றாளே, அது நாற்பத்தொன்று. பன்னிரண்டில் ஏழு தேறவில்லை. இரண்டு தடவை பார்த்தேன். ஏழுதான். போனில் சொல்லிவிடலாம், அப்படித்தான் எல்லோருக்கும் சொல்கிறோம். ஆனால் வெர்னாவிடம் போனில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

திரும்பிப் போனபோது அவள் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து சீஸ் ஸ்கோன் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். காகிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். மடித்தாள்.

"உன் குழல் கெட்டுப்போச்சு."

"தண்ணி விட்டுப் பாரு. பூஜ்யம் காட்டினா சரியா இருக்குன்னு அர்த்தம்."

குழாய்த் தண்ணீரை விட்டுப் பார்த்தாள். பூஜ்யம். கூரைத் தொட்டியின் மழைத் தண்ணீரை விட்டாள். பூஜ்யம். என் பாட்டிலைப் பிடுங்கி அதிலிருந்து விட்டாள். அதுவும் பூஜ்யம். கையில் மீதியிருந்த ஸ்கோனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் என்னிடம் சண்டை பிடித்திருப்பார்கள். எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள்! ஊசி சரியில்லை, நாள் சரியில்லை, என் முகராசி சரியில்லை என்று. வெர்னா ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதுல பாலைப் பாக்க முடியுமா?"

"அதுக்கு வேற குழல். என் பையில இருக்கு. இருபத்திரண்டுக்கு மேல இருந்தா நல்ல சீம்பால்."

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பண்ணைகளில் கன்று போட்ட மாட்டின் பால் முதல் நாலு நாள் பால் ஆலையின் டேங்கர் லாரியில் ஏறக்கூடாது. அந்த நாலு நாள் பால் முழுவதற்கும் சீம்பால் என்றே பெயர். ஆனால் அதில் முதல் கறவை மட்டுமே மருந்து. இரண்டாவது கறவையிலேயே சக்தி பாதியாகிவிடும். அந்த முதல் கறவைக்குத் 'தங்கம்' என்று இங்கே பேர். தங்கம் சிவப்பு மூடி வாளியில் போகும், பிறந்த கன்றுகளுக்கு. மிச்சமெல்லாம் நீல மூடி வாளியில், வளர்ந்த கன்றுகளுக்கு.

அன்று சிவப்பு மூடி வாளிகள் ஆறு இருந்தன. மூடியைத் திறந்து பார்த்தோம். ஆறும் கஸ்டர்டு மாதிரி மஞ்சள். என் கண்ணுக்கும் தங்கமாகத்தான் தெரிந்தது. வெர்னா ஒவ்வொன்றிலும் ஒரு துளி எடுத்துக் கண்ணை வைத்தாள். பதின்மூன்று. பதினைந்து. பன்னிரண்டு. இருபத்துநான்கு. பதினான்கு. பதின்மூன்று.

"வைமரீ!"

வைமரி ஓடிவந்தாள்.

"இந்த வாளி எந்த மாட்டோடது?"

"நாலஞ்சு மாடு சேந்தது, ஆன்ட்டி."

"எத்தனாவது கறவை?"

"அதெல்லாம் யாரு பாக்கறா? மஞ்சளா இருந்தா சிவப்பு மூடி. நீங்கதானே எழுதி ஒட்டினீங்க."

உண்மைதான். கறவைக் கொட்டகைச் சுவரில் பதினாலு வருஷமாக ஓர் அட்டை தொங்குகிறது, வெர்னாவின் கையெழுத்தில்: 'மஞ்சளா இருந்தா சிவப்பு மூடி. வெள்ளையா இருந்தா நீல மூடி. சந்தேகமா இருந்தா என்கிட்ட வா.' கறுப்பு வெள்ளை மாடுகள் இருந்த காலத்தில் அது அருமையான விதி. பிரீசியனுக்கு முதல் கறவை மஞ்சளாக இருக்கும், இரண்டு மூன்று கறவைக்குள் வெளுத்துவிடும். யாரும் குழம்ப வழியில்லை. ஜெர்சிக்கு அப்படி இல்லை. அதன் பாலே மஞ்சள். நாலு நாளும் மஞ்சள். மாடு மாறியபோது அட்டை மாறவில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அதனால் யாரும் வெர்னாவிடம் போகவும் இல்லை.

அவளுக்கு அது புரிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றிருந்தது. வாளிகளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அதுங்க குடிச்சுதுங்க, ரத்தக்காரி. அறுபத்திநாலும் குடிச்சுதுங்க. நான் குடுத்ததை ஒரு சொட்டு மிச்சம் வெக்காமக் குடிச்சுதுங்க. பூஞ்சைன்னு சொன்னேனே அதுங்களை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெர்னாவுக்குக் கோபம்தான் வந்தது. நேராகக் கறவைக் கொட்டகைக்குப் போய் அந்த அட்டையை ஆணியோடு பிய்த்து எடுத்தாள்.

பிரைஸ் அப்போது வேலியோரத்தில் மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். அட்டையை அவன் கையில் கொடுத்து, ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வருஷமாக ஊரெல்லாம் அவன் மாடுகளைத் திட்டியவள். சொல்வதற்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் அதை முகத்தில் காட்டவில்லை.

பிரைஸ் மெதுவாகக் கேட்டான். "அப்போ ஜெர்சி…"

"ஜெர்சிக்கு ஒரு கொறையும் இல்ல. சொல்லிட்டேன். இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லாத."

"வெர்னா, நான் லெஸ்கிட்டக் கைகுடுத்துட்டேன். பாதி தேறலேன்னா…"

"தெரியும். நானும் ஒத்துக்கிட்டேன். செப்டம்பர் ஒண்ணு. அது வரைக்கும் கொட்டகை என்னுது."

"உன்னுதுதான்."

"அப்போ நான் சொல்றபடி கறக்கணும். நீயும்."

அன்று மாலையே வேலை தொடங்கியது. கன்று போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்பு டேப் சுற்றவேண்டும். முதல் கறவை முடிந்த கையோடு டேப்பை அறுத்துவிட வேண்டும். டேப் இருக்கிற மாட்டின் பால் மட்டுமே சிவப்பு மூடிக்குப் போகும், அதுவும் குழலில் ஒரு துளி பார்த்த பிறகுதான். இருபத்திரண்டு இல்லையென்றால் நீல மூடி, எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும். கன்றுகளை மேய்ச்சல் நிலத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவை கொண்டுவந்தது போய், காலையும் மாலையும் கொண்டுவரவேண்டும். வந்ததும் ஊட்டவேண்டும். குடிக்காததற்கு வெர்னா தானே குழாய் விட்டு வயிற்றில் இறக்குவாள்.

"ஆன்ட்டி, இருநூறு மாட்டுக் காலுக்கு டேப் சுத்தறதுக்குள்ள என் முதுகு போயிடும்" என்றாள் வைமரி.

"உன் முதுகுக்கு நான் தேய்ச்சு விடறேன். சுத்து."

பிரைஸ் மூன்றாம் நாள் ஒரு டேப்பை அறுக்க மறந்துவிட்டான். நாலு வயலுக்கு அந்தப்பக்கம், பக்கத்துப் பண்ணையில் நின்ற என் வண்டி வரைக்கும் அவள் சத்தம் கேட்டது. முதலாளி என்று அவள் அவனைப் பார்த்தமாதிரியே தெரியவில்லை. அவனும் அப்படி நடந்துகொள்ளவில்லை.

ஆகஸ்ட் இருபத்துநாலாம் தேதி நான் மறுபடி போனேன். பிரைஸ் கேட்டுப் போகவில்லை. வெர்னா கூப்பிட்டாள், போனேன்.

"எத்தனை தேறும்?" என்று வேண்டுமென்றே சீண்டினேன். இந்தத் தடவையாவது வாயைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"பதினொண்ணு."

"எது தேறாது?"

ஆலங்கட்டி மழை நாளில் பிறந்த ஒரு நோஞ்சானைக் காட்டினாள். பிறகு பளபளவென்று நின்ற பெரிய கடேரி ஒன்றைத் தட்டிக்கொடுத்து, "இவ ராணி. அறுபத்தஞ்சுக்குக் கொறையமாட்டா" என்றாள்.

பதினொன்று தேறியது. நோஞ்சானுக்கு அறுபத்தொன்று. தேறாதது ராணி, நாற்பத்தெட்டு. நான் போனில் சொன்னபோது மறுமுனையில் பெரிய சிரிப்பு. "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா முப்பத்தொரு வருஷம் பொழைப்பை ஓட்டினேன்!" என்றாள். அன்றே விசாரித்து விட்டாள். ராணி பிறந்த அன்று வாய்க்காலுக்குள் கிடந்து, காலைச் சுற்றில் யார் கண்ணிலும் படாமல், சாயங்காலம்தான் கொட்டகைக்கு வந்திருந்தாள். மறுநாளிலிருந்து வாய்க்காலையும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று உத்தரவு.

காகிதத்தைப் பார்த்த பிரைஸ் விசில் அடித்தான். ஆனால் அவன் சொன்னது இதுதான்: "ரொம்ப நல்லா இருக்கு, வெர்னா. ஆனா லெஸ்கிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது? அவன் கொட்டகையெல்லாம் பெரிசாக் கட்டிட்டான். பேச்சு பேச்சுதானே." வெர்னா இரண்டு பெண்களுக்கும் போன் செய்து, சின்ன வீட்டைக் காலி செய்யவேண்டி வரலாம் என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை பண்ணைக்காரர்கள் கூட்டம். மாதத்துக்கு ஒரு பண்ணை, இந்த மாதம் பிரைஸின் முறை. வசந்தத்தில் எவனுக்கும் நேரம் இருக்காது என்பதால் ஒரு மணி நேரம்தான், ரொட்டியில் சுருட்டிய சாஸேஜோடு. முப்பது பேர் வந்திருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் எல்லாம் பேசுவார்கள். எத்தனை கிலோ கொழுப்பு, எவ்வளவு புல், எத்தனை மாடு சினை என்று எல்லா எண்ணும் வாயில் வரும். ஓர் எண் மட்டும் வராது. எத்தனை கன்று செத்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு.

பிரைஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒண்ணாந்தேதியிலிருந்து கன்றுகள் லெஸ்ஸிடம் போவதாகச் சொன்னான். வெர்னாவின் முப்பத்தொரு வருஷ உழைப்புக்கு நன்றி என்றான். கைதட்ட ஆரம்பித்தார்கள்.

"தட்டாதீங்க" என்றாள் வெர்னா.

நாலு வாளிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து மூடிகளைத் திறந்தாள். நாலும் மஞ்சள், கொஞ்சம் கூடக் குறைய.

"இதுல எது தங்கம்? லெஸ், நீதானே ஒண்ணாந்தேதிலேருந்து என் பசங்களுக்கு ஊட்டப்போற. நீ சொல்லு."

லெஸ் புரோசர் கெட்டவன் இல்லை. பெரிய உடம்பு, சின்னக் குரல், தன் வேலையில் நம்பிக்கை உள்ளவன். அவன் குனிந்து பார்த்து, இருப்பதிலேயே அடர்ந்த மஞ்சளைக் காட்டினான். "இதுல என்ன சந்தேகம்? இதுதான்."

வெர்னா ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டுக் குழலை அவன் கையில் கொடுத்தாள். அவன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"எவ்வளவு?"

"பதிமூணு" என்றான்.

"இருபத்திரண்டு வேணும். அது இருக்கறது அந்தக் கோடியில, வெளுத்த வாளி. நானும் உன்ன மாதிரிதான் எடுத்தேன். ரெண்டு வசந்தத்துல அறுபத்திநாலு கன்னு. ஜெர்சி பூஞ்சைன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். பூஞ்சை இல்ல. நான் கொன்னேன். என் நம்பர் அது." கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இங்க வேற யாரு மஞ்சளைப் பாத்துப் பிரிக்கறீங்க?"

பெரிய பெரிய ஆட்களெல்லாம் தங்கள் கம்பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவர்களைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. இவர்களில் பாதிப்பேருக்கு நான் எண் சொல்லியிருக்கிறேன், பாதிப்பேர் என் குழலைத்தான் குறை சொன்னார்கள்.

முதலில் பிரைஸ் கையைத் தூக்கினான். காது தக்காளியாகச் சிவந்திருந்தது. "வாரத்துல நாலு நாள் நான்தான் கறந்தேன். அறுபத்திநாலுல பாதி என்னுது" என்றான்.

லெஸ் குழலைக் கீழே வைக்கவில்லை. மற்ற வாளிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். வெளுத்த வாளியின் துளியை விட்டு, ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் நின்றான். பிறகு யாரையும் பார்க்காமல், "எனக்குப் போன வருஷம் எழுபத்தியாறு" என்றான்.

அன்று வரை அந்தக் கூட்டத்தில் அப்படி ஓர் எண் யார் காதிலும் விழுந்ததில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "எனக்கு முப்பது" என்றார். இன்னொருவர் பத்தொன்பது என்றார். ஒருத்தி எண்ணியதே இல்லை என்றாள்.

லெஸ் பிரைஸிடம் போய்க் கையை நீட்டினான். பிரைஸ் புரியாமல் அதைப் பிடித்தான்.

"ஜூன்ல கை குடுத்தேனே, அதைத் திருப்பி எடுத்துக்கறேன். எனக்கு எழுபத்தியாறு செத்துது, ஏன்னு இப்பதான் தெரியுது. அவளுக்கு இருபது நாள் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. கன்னு இங்கயே இருக்கட்டும், பிரைஸு."

பிரைஸ் சரியென்று தலையை ஆட்டினான். வெர்னா முகத்தைத் திருப்பிச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு, அந்த வெளுத்த வாளியைத் தூக்கினாள். மணி மூன்றாகியிருந்தது, காலையில் பிறந்தவை கத்திக்கொண்டிருந்தன. அவள் கொட்டகையை நோக்கி நடந்தாள். முப்பது பேரும் பின்னால் போய், வாசலில் வரிசையில் நின்று கம்பூட்ஸைக் கழுவினார்கள்.